பின்னறைக் காற்று

மேரு, கிள்ளான்
13 மார்ச் 1989

அன்புள்ள டாக்டர் நாச்சம்மை அவர்களுக்கு,

உர்சுலா எழுதுவது. மாத்திரைகளை ஒழுங்காக விழுங்குகிறேன். ஊசி நின்றுவிட்டது. சளிச் சோதனையில் கிருமி இல்லை, இனி யாருக்கும் என்னிடமிருந்து தொற்றாது, மே மாதம் வேலைக்குப் போகலாம் என்று காசநோய் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். இது நல்ல செய்தி. அடுத்த செய்தி நல்லதா கெட்டதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து அண்ணியோடு பாசாருக்குப் போனேன். கையில் மீன் பை. யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். பார்த்தால் நம் தங்கமணி டீச்சர். மேல் வரிசைப் பல்லுக்கு பிரிட்ஜ் கட்டினோமே, அவரேதான். மகள் வீட்டுக்கு வந்தாராம்.

"உர்சுலா! எப்பம்மா வந்தே? மாப்பிள்ளை எங்கே? கண்ணுலயே காட்ட மாட்டியா?"

"எந்த மாப்பிள்ளை, ஆன்டி?"

"வெக்கத்தைப் பாரு லா! திருச்சி மாப்பிள்ளை. பேங்க்ல வேலையாமே. டிசம்பர்லயே கல்யாணம் முடிஞ்சிருச்சின்னு டாக்டர் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

அண்ணி என் முகத்தைப் பார்க்கிறார், நான் மீன் பையைப் பார்க்கிறேன். "மீன் கெட்டுடும் ஆன்டி, வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். டீச்சர் அந்தக் கூட்டத்திலும் விடாமல், "சீக்கிரம் நல்ல சேதி சொல்லு!" என்று கத்தினார்.

டாக்டர், டிசம்பரில் எனக்குக் காசநோய் வந்தது. கல்யாணம் வரவில்லை. அதிலும் டிசம்பர் உங்களுக்கு மார்கழி, எங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம். இரண்டு பேர் வீட்டிலும் கல்யாணம் செய்யாத மாதமாகப் பார்த்து எனக்குச் செய்து வைத்திருக்கிறீர்கள். அம்மா போன பிறகு எனக்குக் கல்யாணம் பேசியது நீங்கள் ஒருவர்தான். அதுவும் ஆள் இல்லாமல்.

போனில் கேட்டிருக்கலாம். நம் கிளினிக் போன் கவுண்டரில் இருக்கிறது. எதிர் பெஞ்சில் இருப்பவர்கள், திருச்சியிலிருந்து புதுப்பெண் பேசுகிறாள் என்று ரிசீவரைப் பிடுங்கினாலும் பிடுங்குவார்கள். அதனால் எழுதுகிறேன்.

பதினோரு வருஷம் உங்கள் பக்கத்தில் நின்றவள் நான். நான் எங்கே போனேன் என்று கேட்டவர்களிடம் என்ன சொன்னீர்கள்? மே மாதம் நான் யாரோடு வந்து நிற்பது?

உர்சுலா

*

பிரிக்பீல்ட்ஸ்
18 மார்ச் 1989

அன்புள்ள உர்சுலா,

உன் கடிதத்தை இரண்டு பேஷண்ட்டுகளுக்கு நடுவில் படித்தேன். இரண்டாவது ஆளுக்கு மரத்துப்போக இரண்டு தடவை ஊசி போட வேண்டியதாயிற்று.

நடந்ததைச் சொல்கிறேன். நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தவர் பாலன். ரயில்வே பாலன், வேர் சிகிச்சைக்கு வந்தாரே, அவர்தான். "உர்சுலா எங்கே டாக்டர்?" என்றார். வாயில் வந்தது கல்யாணம். அதைச் சொல்லிவிட்டால் சும்மா விடுவார்களா? மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை என்று ஆளுக்கு ஒரு கேள்வி. மதியத்துக்குள் உனக்குத் திருச்சியில் ஒரு வீடே கட்டி முடித்துவிட்டேன்.

உன் பேரை நினைத்துத்தான் சொன்னேன். முப்பத்தாறு வயதில் கல்யாணம் ஆகாதவள், அதற்கு மேல் டி.பி. என்றும் தெரிந்தால் நம் சனங்கள் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். டி.பி. இருந்த கிளினிக் என்று பெயர் வந்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள். எதிர் வரிசையில் புதிதாக ஒரு கிளினிக் வாசல் பெஞ்சு வரை ஏர்கண்டிஷனோடு திறந்திருக்கிறது.

உனக்குக் கல்யாணப் பரிசுகள் வந்து குவிந்திருக்கின்றன. மூன்று பிளாஸ்க், ஒரு சுவர்க் கடிகாரம். பாலன் பிரஷர் குக்கரே வாங்கி வந்துவிட்டார். எல்லாம் பின்னறை அலமாரியில் இருக்கிறது.

இங்கே நிலைமை மோசம். புஷ்பவல்லி அக்கா நல்லவர், கவுண்டரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எச்சில் இழுக்கிற சக்ஷன் குழாயைப் பிடிக்கச் சொன்னால் மட்டும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி தூரத்தில் பிடிக்கிறார். கிட்டே பிடிக்கச் சொன்னால் கன்னத்தை உறிஞ்சிவிடுகிறார். நேற்று ஒருவருக்கு நாக்கே குழாய்க்குள் போய்விட்டது. டிரில்லில் இருந்து தெறிக்கிற சாரல் முழுக்க என் கண்ணாடியிலும் முகமூடியிலும்தான். நீ இடது கையால் பல்லுக்குப் பக்கத்திலேயே குழாயைச் சாய்த்துப் பிடிப்பாயே, அப்போது ஒரு பொட்டு வெளியே வராது. அதன் அருமை இப்போது தெரிகிறது.

மே முதல் வாரம் வந்துவிடு. மாப்பிள்ளைக்கு விசா கிடைக்கவில்லை, பின்னால் வருவார் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

அன்புடன்
நாச்சம்மை

*

மேரு
27 மார்ச் 1989

அன்புள்ள டாக்டர்,

ஈஸ்டர் வாழ்த்துகள். பிளாஸ்க்குகளைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விசா கிடைக்காத புருஷன் எனக்கு வேண்டாம்.

விளையாட்டுக்கு எழுதவில்லை. இங்கே என் தட்டும் குவளையும் தனி. அண்ணியைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் நோய் என்று தெரிந்தே எனக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். மாரிஸ் அண்ணன் போர்ட் கிள்ளானில் ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல் என்னை மோட்டார் சைக்கிளில் ஊசிக்கு அழைத்துப் போனார். தெரிந்தவர்கள் யாரும் ஓடிப் போய்விடவில்லை. நீங்கள்தான் எல்லாரும் ஓடுவார்கள் என்று முடிவு செய்துவிட்டீர்கள்.

இன்னொரு விஷயம். காசநோய் கிளினிக்கில் நல்லம்மாள் என்று ஒரு நர்ஸ். யாரிடமிருந்து வந்திருக்கும் என்று பார்க்க எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். பல் கிளினிக்கில் வேலை என்றதும் சக்ஷன் உண்டா என்றார். பெருமையாகச் சொன்னேன், இரண்டு வருஷமாகப் பெரிய மெஷின் இருக்கிறது, கொக்கி மாதிரி மெல்லிய குழாய் இல்லை, விரல் பருமன் குழாய், சாரலையே இழுத்துவிடும் என்று. அவர் கேட்டார்:

"இழுத்த காத்து எங்கேம்மா போகுது?"

உங்களுக்கு நினைவிருக்கும். மெஷின் மாட்ட வந்தவர், தண்ணீர் தொட்டியில் விழும், காற்று மோட்டார் வழியாக வெளியேறும், அந்தக் காற்றுக் குழாயைப் பின் சந்துக்கு விட வேண்டும் என்றார். சுவரில் ஓட்டை போட அளவு எடுக்கும்போது மாடியிலிருந்து உங்கள் மாமியார் இறங்கி வந்தார்கள். "ஊரார் எச்சில் காத்து என் சமையக்கட்டு சன்னலுக்குக் கீழேயா? நான் அங்கதானே வத்தல் காயப்போடுறேன்" என்றார்கள். அவர்கள் கட்டிடம், அவர்கள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. குழாயை வெட்டி, பின்னறை அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனார் அந்த ஆள். வெறும் காற்றுதானே என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். ஏர்கண்டிஷன் வீணாகக்கூடாது என்று சன்னலையும் அடைத்தோம். அந்த அறையில்தான் கருவிகளைக் கொதிக்க வைத்தேன், அங்கேதான் தினமும் சாப்பிட்டேன்.

எனக்கு அங்கேதான் வந்தது என்று நான் சாதிக்கவில்லை. எனக்குத் தெரியாது. ஆனால் இது தெரியும்: அக்டோபரிலிருந்து நான் இருமிக்கொண்டு இருந்தேன். சளி என்று நினைத்துக்கொண்டு, முகமூடிக்குள் இருமிக்கொண்டே எல்லார் வாய்க்கும் பக்கத்தில் நின்றேன். அந்த இரண்டு மாதம் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா? எனக்குத் திருச்சியில் கல்யாணம் நடந்திருந்தால் அவர்கள் எதற்கு எடுக்கப் போகிறார்கள்?

குழாயை வெளியே விடுங்கள். பேஷண்ட்டுகளிடம் உண்மையைச் சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். இரண்டும் நடந்தால் வருகிறேன்.

உர்சுலா

*

பிரிக்பீல்ட்ஸ்
1 ஏப்ரல் 1989

உர்சுலா,

நீ கேட்டவிதம் எனக்குப் பிடிக்கவில்லை. நிபந்தனை போடுகிற அளவுக்கு நாம் யாரோ எவரோ ஆகிவிட்டோமா?

முதலில் மெஷின். அதை வாங்கலாமா வேண்டாமா என்று மற்ற பல் டாக்டர்கள் எல்லாரும் யோசித்தபோது வாங்கியவள் நான். அதற்கு முன்னால் எச்சில் கிண்ணமும் மேலே சுற்றுகிற விசிறியும்தானே நமக்கு? டிரில் போட்டால் அறை முழுக்கப் பனி மூட்டம் மாதிரி இருக்கும், அதைத்தான் நீயும் நானும் ஒன்பது வருஷம் சுவாசித்தோம். அப்போது வராதது இப்போது வந்தால் மெஷின் மேல் பழியா? நீ பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வருகிறாய், கோயில் பாட்டுக் குழுவில் இருபது பேரோடு வாயைத் திறந்து பாடுகிறாய். எங்கே வேண்டுமானாலும் தொற்றியிருக்கலாம். இதை நான் தப்பிக்கச் சொல்லவில்லை, படித்ததைச் சொல்கிறேன்.

குழாய் விஷயம் பார்க்கிறேன். மாமியாரிடம் நல்ல நேரம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

பேஷண்ட்டுகளிடம் சொல்ல முடியாது. பதினோரு வருஷம் நாயாக உழைத்துச் சேர்த்த பெயர் இது. ஒரு பெண்பிள்ளை தனியாக கிளினிக் நடத்துவாளா என்று என் சொந்தக்காரர்களே சிரித்த காலம் உனக்குத் தெரியும். இருமல் இருக்கிறவர்களை நானே தனித்தனியாக எக்ஸ்ரேக்கு அனுப்புகிறேன், அது போதும்.

உனக்கு நல்லது நினைத்துத்தான் செய்தேன். அதைப் புரிந்துகொள்ள முடியாவிட்டால், வர இஷ்டமில்லாவிட்டால், வராதே.

நாச்சம்மை

*

மேரு
5 ஏப்ரல் 1989

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பின்கதவுச் சாவியை இத்துடன் அனுப்புகிறேன். அண்ணன் வேலை செய்யும் கிடங்கில் கணக்குப் பிரிவுக்கு ஆள் கேட்கிறார்களாம். விசாரிக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், பதில் எழுத வேண்டியதில்லை.

புஷ்பவல்லி அக்கா எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்?

உர்சுலா

*

பிரிக்பீல்ட்ஸ்
17 ஏப்ரல் 1989

அன்புள்ள உர்சுலா,

பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கோபமாகத்தான் இருந்தேன். மதியம் ஒரு பேஷண்ட்டுக்குப் பல் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். நேரமாகிவிட்டதே என்று புஷ்பவல்லி அக்காவைச் சாப்பிட அனுப்பிவிட்டு, குழாயை நானே பிடித்துக்கொண்டு முடித்தேன். முடிந்ததும் பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். உன் ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் அலமாரி. அலமாரிக்குப் பின்னால் குழாய்.

அப்போதும் எனக்குள் ஒரு வக்கீல் பேசினான். வெறும் காற்றுதானே, எல்லாம் தொட்டியில் தங்கிவிடுமே என்று. சரி, பார்த்துவிடலாம் என்று, பேஷண்ட் போன பிறகு சாமி படத்துக்கு முன்னாலிருந்து ஊதுவத்தியை எடுத்துக் கொளுத்தி, நடுக்கதவை இறுக்கிச் சாத்தி, சக்ஷனைப் போட்டு, பல்லுக்குப் பக்கத்தில் பிடிக்கிற குழாயின் வாயில் காட்டினேன். புகை கோடு போட்ட மாதிரி உள்ளே போனது. சாரலையும் இப்படித்தானே இழுக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னறையிலிருந்து அக்காவின் குரல்:

"டாக்டர்! வெளக்கு வச்சிட்டீங்களா? இங்கே கோயில் மாதிரி மணக்குதே!"

உர்சுலா, உடனே ஊதுவத்தியை அணைத்தேன். முன்னறையில் என் மூக்குக்கு ஒரு வாசனையும் வரவில்லை. அத்தனையும் அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் போயிருக்கிறது. நான் வேலை செய்யும் இடத்தைச் சுத்தமாக்கி, நீ சோறு தின்கிற இடத்துக்கு அந்தக் காற்றைத் தள்ளியிருக்கிறேன். இரண்டு வருஷம். உனக்கு நோய் அங்கேதான் வந்ததா என்பது இன்னமும் எனக்குத் தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வந்திருக்கலாம், அதற்கு நான்தான் இடம் கொடுத்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கே மெஷினை நிறுத்தி, அக்காவையும் அழைத்துக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கப் போனேன். இரண்டு பேர் நெஞ்சும் சுத்தம். ரிசல்ட் வரும்வரை அக்கா என்னிடம் பேசவில்லை. வந்ததும், "இனிமே நான் வாசல்லயே சாப்பிட்டுக்கிறேன் டாக்டர்" என்றார்.

பிறகு மாடிக்கு ஏறினேன். நல்ல நேரம் எல்லாம் பார்க்கவில்லை. என் மாமியார் சிவகாமி ஆச்சி என்றால் சும்மாவா, நான் பத்து வருஷமாக அவர்களிடம் உரக்கப் பேசியதில்லை. குழாய் எங்கே முடிகிறது என்று சொன்னேன். உனக்கு என்ன நோய் என்பதையும் சொன்னேன், அவர்களுக்கும் அதுவரை கல்யாணக் கதைதான். கேட்டுவிட்டு என்னைத்தான் திட்டினார்கள்.

"எச்சிக் காத்து ஏம் பக்கம் வரக்கூடாதுன்னு சொன்னேன். அதை அந்தப் புள்ளை மூஞ்சியில விடச் சொன்னேனா? படிச்சவ நீ, எங்கே விட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

சித்திரை பிறந்த மறுநாள் அவர்களே கொத்தனாரை வரவழைத்தார்கள். குழாய் இப்போது பின்சுவர் வழியாக ஏறி, கூரைக்கும் மேலே ஓர் ஆள் உயரத்தில் முடிகிறது. வற்றல் காய்கிற இடத்துக்கு எட்டாது, யார் மூக்குக்கும் எட்டாது. ஊதுவத்தி காட்டிப் பார்த்துவிட்டேன். பின்னறைச் சன்னலையும் திறந்தாயிற்று. டிரில் போடுவதற்கு முன்னால் எல்லாரையும் மருந்துத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைக்கிறேன்.

வராதே என்று எழுதினேன். அதை அழித்துவிட்டுப் படி.

நாச்சம்மை

*

மேரு
21 ஏப்ரல் 1989

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அண்ணி பயந்துபோய், நோய் திரும்பிவிட்டதா என்று கேட்டார். இல்லை, குழாய் வெளியே போய்விட்டது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

புஷ்பவல்லி அக்காவுக்கு ஒன்றும் இல்லை என்பதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எனக்கு வந்தபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை. ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர்கள் பேசியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை கேட்டார்.

ஆனால் டாக்டர், நான் இரண்டு கேட்டேன். ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். இரண்டாவதைப் பற்றி உங்கள் நீண்ட கடிதத்தில் ஒரு வரி இல்லை.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கிளினிக் காலியானால் எனக்கும்தானே வேலை இல்லை? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பாசாரில் என் தோளைப் பிடித்துத் திருப்பின தங்கமணி டீச்சர், உண்மை தெரிந்தால் கையை எடுத்துக்கொள்வாரோ என்று நினைத்துப் பார்க்கிறேன். எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். இல்லாத புருஷனுக்காக அவர் என்மேல் பிரியமாக இருப்பதைவிட அது மேல். ஆனால் அவர் நவம்பரில் நாலு தடவை வந்தார். நான் அவர் முகத்துக்கு நேராக இருமியிருக்கிறேன். அவருக்குச் சர்க்கரை வேறு. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

கிடங்கு வேலைக்கு வரும் வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். உங்களை மிரட்ட எழுதவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். கணக்கு எழுதுவதில் எனக்கு ஆசை கிடையாது. உங்கள் நாற்காலிக்கு இடப்பக்கம் நிற்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை, பிடித்த வேலை. ஆனால் திருச்சிக்காரன் பெண்டாட்டியாக அங்கே நிற்க என்னால் முடியாது.

உர்சுலா

*

பிரிக்பீல்ட்ஸ்
26 ஏப்ரல் 1989

அன்புள்ள உர்சுலா,

வெள்ளிக்கு முன்னால் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நேற்று மாலை பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். நடுவில் தங்கமணி டீச்சர், உன்னைப் பாசாரில் பார்த்த கதையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பொண்ணு இளைச்சிருக்கா, மசக்கையா இருக்கும் என்று வேறு. கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன். ஒத்திகை எல்லாம் பார்த்திருந்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"உர்சுலாவுக்குக் கல்யாணம் ஆகல. அவளுக்கு டி.பி. நான் பொய் சொன்னேன்" என்றேன். அப்படியே, மூன்று வாக்கியம். பிறகு மற்றதையும் சொன்னேன். பின்னறைக் குழாய், அக்டோபர், நவம்பர், எக்ஸ்ரே எல்லாம்.

இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஓர் அம்மாள், தன் பிள்ளையை இங்கே கூட்டி வந்தேனே என்று என்னைத் திட்டினார். திட்ட அவருக்கு உரிமை உண்டு, கேட்டுக்கொண்டேன். டீச்சர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தினார். இவரும் அருவருத்து எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் அழுகிறார். "புள்ளை மீனைத் தூக்கிட்டு ஓடுச்சி, நான் பின்னாலயே நல்ல சேதி கேட்டுக் கத்துனேனே" என்றார். இன்று காலையே போய் எக்ஸ்ரே எடுத்துவிட்டார். நெஞ்சு சுத்தம். நீ தூங்கலாம்.

இப்போது நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படி.

எல்லாரும் போன பிறகு பாலன் மட்டும் பெஞ்சிலேயே இருந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"டாக்டர், போன வருசம் அக்டோபர்ல ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே. ஊருக்குப் போகல. டி.பி. வார்டுல இருந்தேன். ஆகஸ்டுல இங்கே வேர் வைத்தியத்துக்கு வந்தப்பவே இருமல் இருந்திச்சி. சொன்னா பல்லுல கை வைக்க மாட்டீங்கன்னு சொல்லல. டிசம்பர்ல திரும்பி வந்து, உர்சுலா எங்கேன்னு கேட்டேன். கல்யாணம்னு சொன்னீங்க. நான் சந்தோசப்பட்டேன் டாக்டர்."

உனக்கு வந்தது தன்னிடமிருந்துதான் என்று நினைக்கிறார். அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அவரும் அன்றைக்கே சொல்லியிருப்பார். நான் அவரை ஊருக்கு அனுப்பவில்லை, அவராகவே போனார். உன்னைத் திருச்சிக்கு அனுப்பியது நான். இரண்டு பேரும் ஒரே பயத்தில் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அவருக்கு இப்போது மருந்து முடிந்துவிட்டது, கிருமி இல்லை. அந்த வேர் சிகிச்சையில் கடைசிக் கட்டம் இன்னும் பாக்கி. இனி இங்கே வரலாமா என்று என்னிடம் கேட்டார். உர்சுலாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நீ வேண்டாம் என்றால் வேறு டாக்டருக்கு எழுதிக் கொடுக்கிறேன், அவர் தப்பாக நினைக்க மாட்டார். உன் முடிவுதான்.

இன்று மாலை அப்பாயின்மென்ட் இருந்த மூன்று பேர் வரவில்லை. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. வா என்று கூப்பிட எனக்கு இப்போது தைரியம் இல்லை. கிடங்கு வேலை நிரந்தரமானது, யோசித்துக்கொள்.

உன்
நாச்சம்மை

*

மேரு
28 ஏப்ரல் 1989

அன்புள்ள டாக்டர்,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்துவிட்டு எழுந்து நடந்தேன். மேரு சாலையில் லோரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன, அந்தப் புழுதியிலேயே ரொம்ப தூரம் நடந்தேன்.

பாலன் மேல் எனக்குக் கோபம். பெருந்தன்மையாக எழுத ஆசைதான், வரவில்லை. ஐந்து மாதம் என் வாழ்க்கையில் இல்லாமல் போயிற்று. அண்ணன் பிள்ளைகளை நான் இன்னும் தூக்கவில்லை. ஒரு வார்த்தை, "இருமல் இருக்கு, உர்சுலா" என்று சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்றும் நினைத்துப் பார்த்தேன். நீங்கள் நாளைக்கு வாங்க என்று சொல்லியிருப்பீர்கள். நான் அவர் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்திருப்பேன். நாளைக்கு வாங்க என்று எல்லா டாக்டரும் சொல்ல, அந்தப் பல் வலியோடு அவர் எங்கே போவார்? இதையும் யோசித்தேன், கோபம் தீரவில்லை. ஆனால் கோபத்தோடு அவர் முகத்தைப் பார்க்க முடியும் என்று தோன்றுகிறது.

நீங்கள் பெஞ்சுக்கு முன்னால் நின்று அந்த மூன்று வாக்கியத்தைச் சொன்னதை என்னால் பார்க்க முடிகிறது. எனக்காக யாரும் அப்படி நின்றதில்லை, டாக்டர்.

கிடங்கில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதை இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்வோம்.

எட்டாம் தேதி திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். முதல் அப்பாயின்மென்ட் பாலனுக்குப் போடுங்கள். குழாயை நான் பிடிக்கிறேன்.

உர்சுலா